நான் வாசித்த அக்காவின் கட்டுரை

பல்கலைக்கழகத்தில் எங்கள் வரலாற்றுத் துறையின் செமினார் அறையில் ஒரு நீளமான மரமேசை கிடந்தது. அதன்மேல் பச்சைத் துணி விரித்திருப்பார்கள். கட்டுரை வாசிக்கிறவர் மேசையின் தலைப்பக்கம் நிற்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் துணியின் விளிம்பு நூல் நூலாகப் பிரிந்து தொங்கும். முதல் நாள் அதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கு முன்னால் அங்கே நின்றவர்கள் எல்லோரும் பேசிக்கொண்டே நகத்தால் துணியைப் பிய்த்திருக்கிறார்கள். அந்த நூல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நான் அங்கே நிற்க வேண்டிய நாளை எண்ணத் தொடங்கினேன்.

நான் நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்தவர். பெர்மனென்ட் ஊழியர், மூன்று ஷிப்ட்டும் மாறி மாறிப் பார்ப்பவர். எங்கள் பிளாக்கில் பிள்ளைகள் என்றால் இன்ஜினியரிங் படிப்பார்கள். நான் வரலாறு எடுத்ததற்கு அப்பா மறுப்புச் சொல்லவில்லை, ஆனால் கேட்கிறவர்களிடம், "அவ ஐ.ஏ.எஸ். எழுதப் போறா" என்று ஒரு காரணத்தைச் சேர்த்துக்கொண்டார். பி.ஏ.வில் எனக்கு நல்ல மதிப்பெண்தான். பரீட்சைக்குப் பத்து நாள் முன்பு கைடு வாங்கி, பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து, அப்படியே கொட்டிவிட்டு வருவேன். படிப்பு என்றால் அதுதான் என்று நம்பியிருந்தேன்.

எம்.ஏ.வில் கைடு இல்லை. ஒரு வாரத்துக்கு நான்கு ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். ஒரு வாக்கியம் அரைப்பக்கம் ஓடும். அகராதியை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து முடிக்கும்போது வாக்கியத்தின் தொடக்கம் மறந்துவிடும். வகுப்பில் ஆசிரியர் யாரைப் பார்த்தும் திடீரென்று, "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்பார். பதினேழு வருடம் படித்ததில் என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. முதல் மாதம் நான் எழுதிக் கொடுத்த கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் துறைத் தலைவர் மேடம் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: 'எல்லோரும் சொன்னது இருக்கிறது, நீ சொல்வது எங்கே?' அந்தத் தாளை நான்காக மடித்துப் பைக்குள் போட்டேன். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை என்பதை இவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் அன்றிலிருந்து கூடவே வந்தது. காலையில் பஸ் ஏறுமுன் சாப்பிட்டதை வாந்தியெடுப்பது வழக்கமாயிற்று. அம்மா பித்தம் என்று இஞ்சிச்சாறு கொடுத்தாள்.

அந்த பஸ்ஸில்தான் அக்காவைப் பார்த்தேன். அதே வகுப்பு என்று தெரியும், பேசியதில்லை. வகுப்பில் நாங்கள் எல்லோரும் இருபத்தொன்று, இருபத்திரண்டு. அவருக்கு முப்பத்துநான்கு. டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு காலனியில் வீடு. கணவர் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். தபாலில் பி.ஏ. முடித்துவிட்டு எம்.ஏ.வுக்கு நேரே வந்து சேர்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போவார். அவருடைய அம்மா முப்பது வருடமாக அங்கே வேலை செய்கிறவர்.

அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "இன்னாம்மா, புத்தகத்தப் பாத்துக்கினே இருக்க, பக்கத்தத் திருப்பவே இல்லியே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண் கலங்கிவிட்டது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி தன் பையிலிருந்து அதே கட்டுரையின் ஜெராக்ஸை எடுத்தார். "எனக்கும் ஒரு எழவும் புரியல. நீ இங்கிலீஷுல படிச்சி தமிழ்ல சொல்லு. நான் கேட்டுக்கினு வரேன்."

அப்படித்தான் தொடங்கியது. போகும்போது ஒன்றரை மணி நேரம், வரும்போது ஒன்றரை மணி நேரம். நான் தட்டுத்தடுமாறி ஒவ்வொரு வரியாகச் சொல்வேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்பார். இருபது பக்கக் கட்டுரை ஒன்றைச் சொல்லி முடித்தபோது, "அப்பிடின்னா, எழுதி வெச்சவன் சொன்னது மட்டும் நடந்ததுன்னு ஆயிடாது. எழுதத் தெரியாதவங்களுக்கும் ஏதோ ஒண்ணு நடந்துதான் இருக்கும். அதானே சொல்றாரு?" என்று கேட்டார். அதுதான். அதை மட்டுமே அந்த மனிதர் இருபது பக்கத்துக்குச் சொல்லியிருந்தார். அன்று மதியம் வகுப்பில் மேடம் என்னைக் கேட்டபோது அக்கா சொன்னதை நான் சொன்னேன். "நல்லது" என்றார். அக்கா என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அதன் அடியில் வேறொன்றும் இருந்தது. சொற்களை நான் படிக்கிறேன், பொருள் அவருக்குத்தான் கிடைக்கிறது. நல்ல பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் வந்தது.

இரண்டாம் பருவத்தில் ஒவ்வொருவரும் ஒரு செமினார் கட்டுரை வாசிக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து கேள்வி கேட்பார். என் முறை முதல் திங்கட்கிழமை, அக்காவின் முறை அதற்கு மூன்று வாரம் கழித்து. நான் நெய்வேலி நகரியம் உருவான கதையை எழுதினேன். வியாழக்கிழமை மேடம் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது விழா மலர்ல இருக்கிறதும்மா. பிளாக் எத்தனை, பூங்கா எத்தனைன்னு எனக்கு எதுக்கு? அங்கேயே பிறந்து வளர்ந்தவ, நீ என்ன பார்த்த? திங்கட்கிழமை வேற கொண்டு வா" என்றார். நான்கு நாள் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் நான் என்ன பார்த்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே ஞாபகம் வரவில்லை.

அக்காவின் நோட்டு அப்போது என்னிடம் இருந்தது. கட்டுரையோடு ஆங்கிலத்தில் அரைப்பக்கச் சுருக்கம் கொடுக்க வேண்டும் என்பதால், அதை எழுதித் தரும்படி என்னிடம் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை போன் செய்து, "பாப்பாவுக்கு ஜொரம்மா. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். நாலு நாளைக்கு வர முடியாது. நீ பயப்படாம பேசு, இன்னா?" என்றார்.

சனிக்கிழமை காலை அப்பா முதல் ஷிப்ட்டுக்குப் போன பிறகு நோட்டைத் திறந்தேன். சுருக்கம் எழுதத்தான் திறந்தேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். முந்திரி உடைக்கும் பெண்களைப் பற்றியது அது. கொட்டையிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரிப்பது, அதைத் தடுக்கச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பது, உடைக்கும்போது பாடாமல் ஏன் கணக்குச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பது, பதினொரு பெண்கள் தங்கள் வாயால் சொன்னது. நடுவில் அவருடைய அம்மாவைப் பற்றி மூன்று பக்கம். ரேஷன் கடையில் விரல் வைக்கிற மிஷின் வந்தபோது அந்த அம்மாவின் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ரேகை ஏறவில்லை. முப்பது வருட எண்ணெயில் தேய்ந்துபோயிருந்தது. 'எங்கள் அம்மாவுக்கு எழுதத் தெரியாது, அதனால் கைநாட்டு. இப்போது கைநாட்டும் இல்லை' என்று அக்கா எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்ததும் இதுதான் மேடம் கேட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாம் என்று தட்டச்சு செய்யத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முழுவதும் முடிந்துவிட்டது. 'எங்கள் அம்மா' என்று இருந்த இடங்களை 'தொழிலாளர் ஒருவர்' என்று மாற்ற வேண்டியிருந்தது. ஏழு இடம். பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த மடிக்கணினி அது. ஒரே கட்டளையில் ஏழு இடத்திலும் அம்மா போய்விட்டார்.

திங்கட்கிழமை நன்றாகப் பேசினேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கைரேகை வந்த இடத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இந்தப் பெண்களைத் தேடிப் போகணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டார்.

"பண்ருட்டிக்கு பஸ்ல போகும்போது பார்த்தேன் சார்" என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். துறை வெளியிடும் தொகுப்பில் இதைச் சேர்க்கலாம் என்றார் மேடம். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்தில் நின்றேன். அதுவரை நான் அறிந்திருந்த பயம் ஒன்றும் தெரியாதவளாக மாட்டிக்கொள்வேனோ என்பதுதான். இது வேறு. யாராவது என் பெயரைச் சொன்னால், போன் அடித்தால், வகுப்புக் கதவு திறந்தால் உடம்பு குளிர்ந்தது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று படுத்திருந்தேன். அப்பா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா பேசினியாமே, அதான் கண்ணு பட்டிருக்கும்" என்று அம்மாவைச் சுற்றிப்போடச் சொன்னார். உப்பும் மிளகாயும் என் தலையைச் சுற்றி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை அக்கா பஸ்ஸில் ஏறினார். வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று கேட்டேன். விட்டுவிட்டது என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வாசித்ததை வகுப்பில் யாரோ அவருக்குப் போனில் சொல்லியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. வடலூர் தாண்டியதும் கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். அந்த மூன்று பக்கத்தைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மான்னு நான் எழுதியிருந்தத என்னான்னு மாத்துனீங்க?"

"தொழிலாளர் ஒருவர்னு."

தலையாட்டினார். நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். அவர் என்னை 'நீங்க' என்றது அடுத்த நிறுத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், ஏழு மாதமாக 'வாம்மா, போம்மா' என்றவர். அவர் திட்டியிருந்தால் நான் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன். அந்த மரியாதைக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மேடம் வகுப்பில், "அவங்க செமினாரும் முந்திரித் தொழில்னுதானே சொன்னாங்க? இப்ப வந்து பேசினா உன்னைப் பார்த்து எழுதின மாதிரி ஆயிடுமே" என்று என்னிடமே சொன்னார். வகுப்பு சிரித்தது. நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை. சிரித்திருப்பேன்.

அன்று மதியமே கிளம்பி அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்து போகிற தூரம்தான். இருபத்திரண்டு வருடத்தில் அந்தத் தெருவுக்குள் நான் ஒருமுறைகூடப் போனதில்லை. வாசலில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். யார் என்று சொன்னேன். அந்த முகம் மலர்ந்துவிட்டது.

"எம் மவளுக்கு பஸ்ல இங்கிலீஷ் சொல்லிக்குடுக்குற பாப்பாவா நீ? உள்ள வா. இது வூடு மாதிரியா இருக்கு, பாத்து ஒக்காரு."

தண்ணீர் கொடுத்தார். தம்ளரை வாங்கும்போது அந்த விரல்களைப் பார்த்தேன். நுனிகள் வழவழவென்று, ஆற்றுக்கல் மாதிரி இருந்தன. நான் எழுதிய, இல்லை, அக்கா எழுதி நான் தட்டச்சு செய்த விரல்கள்.

"படிச்சது போதும்னுட்டாம்மா. தெனமும் என்னோட கொட்டை ஒடைக்க வந்துர்றா. இன்னிக்கி நான் முன்னாடியே வந்துட்டன். இன்னாத்துக்குன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறா. நீயாவது சொல்லு பாப்பா, பரீட்சைல ஏதாச்சும் கம்மியா வாங்கிட்டாளா?"

இல்லை என்று தலையாட்டினேன். அப்போதுதான் அக்கா வந்தார். கை முழங்கை வரைக்கும் சாம்பல். என்னைப் பார்த்ததும் நின்றார். பிறகு, "வாங்க, வெளியில பேசலாம்" என்று தெருமுனைக்கு நடந்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். வயிறு எரியுது. ஆனா நான் போயி மேடத்துக்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றார்.

"ஏன்க்கா?"

"நான் சொன்னா யாரு நம்புவாங்க? நீங்க டவுன்ஷிப் பொண்ணு. முன்னாடியே வாசிச்சிட்டீங்க, நல்லா இங்கிலீஷும் பேசுவீங்க. நான் கொட்டை ஒடைக்கிறவ. காப்பி அடிச்சது யாருன்னு கேட்டா கை எந்தப் பக்கம் நீளும்?" கைச் சாம்பலைத் தட்டிவிட்டு, "போங்க. வெயிலா இருக்கு" என்றார்.

மறுநாள் காலை மேடம் அறைக்கு வெளியே முக்கால் மணி நேரம் நின்றேன். உள்ளே போய்விட்டால் என்ன நடக்கும் என்பதை வரிசையாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். டி.சி. கொடுத்து அனுப்புவது, பிளாக் முழுக்கத் தெரிவது, அப்பா ஷிப்ட்டில் தலை குனிவது. இரண்டு முறை படியிறங்கிப் போய்த் திரும்பினேன். தைரியம் வந்து உள்ளே போனேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், அந்த அம்மா மறுபடி என்னைப் பார்த்து 'நீயாவது சொல்லு பாப்பா' என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம் மற்றப் பயங்களைவிடப் பெரிதாக இருந்தது. அதனால் போனேன்.

மேடம் கத்தவில்லை. நான் சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். என் செமினார் ரத்தானது. அந்தப் பாடத்தை அடுத்த வருட மாணவர்களோடு மறுபடி எழுத வேண்டும் என்றார்கள். எம்.ஏ. ஒரு வருடம் தள்ளிப்போனது. வீட்டுக்குக் கடிதம் வந்தது.

அப்பா அன்று இரண்டாம் ஷிப்ட். சாப்பாட்டுப் பையைக் கட்டி வைத்துவிட்டு, கிளம்பும் முன் கடிதத்தைப் படித்தார். நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

"எதுக்கும்மா?"

"பயமா இருந்துச்சுப்பா."

"எனக்கும் முப்பது வருசமா தினம் பயந்தான். மைன்ஸ்ல எறங்கும்போது பயம் இல்லன்னு சொல்றவன் பொய் சொல்றான். அதுக்காவ பக்கத்துல நிக்கறவன் ஹெல்மெட்ட எடுத்து என் தலைல மாட்டிக்கிட்டது கிடையாது."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு ஐ.ஏ.எஸ். பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

மேடம் தானே போன் செய்து அக்காவை வரவழைத்தார். அவருடைய செமினாருக்கு என்னையும் உட்காரச் சொன்னார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அக்கா அயர்ன் செய்த நீலப் புடவையில் வந்திருந்தார். "இது எங்க அம்மாவப் பத்தினது. பக்கத்துல ஒக்காந்து பாத்தது" என்று தொடங்கினார். பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, தொடர்ந்தார். என்னைப் போல வழுக்கிக்கொண்டு போகவில்லை அவருடைய பேச்சு. முடிந்ததும் அதே வெளிப் பேராசிரியர், "சொந்த அம்மாவைப் பத்தி எழுதினா அது வரலாறா, அபிமானமா?" என்று கேட்டார்.

அக்கா தாள்களை அடுக்கி மேசைமேல் வைத்தார். அவர் அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஐயா, ராஜாவப் பத்தி அவரு புள்ள கல்லுல வெட்டி வெச்சத நாம வரலாறுன்னுதான் படிக்கிறோம்."

அக்கா எம்.ஏ.வை முடித்தார். அந்தச் செமினாருக்குப் பின் பஸ்ஸில் பார்த்தால் சிரிப்பார், மகளைப் பற்றிச் சொல்வார். ஆனால் முன்பக்கத்து இருக்கைக்குப் போய்விடுவார். ஆங்கிலக் கட்டுரைகளைத் தனியாக, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தார். நான் அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து, பத்தொன்பது வயதில் இந்த ஊருக்கு வந்து ஷிப்ட் சைரனை வைத்து உலை வைக்கக் கற்றுக்கொண்ட என் அம்மாவையும் அவளைப் போல நான்கு பெண்களையும் பற்றி எழுதினேன். சுமாரான கட்டுரை. இருபதுக்குப் பன்னிரண்டு கொடுத்தார்கள். அந்தப் பன்னிரண்டும் என்னுடையது.

இப்போது நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மாணவர்கள் கட்டுரைகளோடு வரும்போது, சிலருடைய கண்ணில் அந்தப் பயத்தைப் பார்க்கிறேன். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று எழுதிக் கொடுங்கள், மதிப்பெண் போடுகிறேன் என்று சொல்கிறேன். அவர்கள் நம்புவதில்லை. நானும் நம்பியிருக்க மாட்டேன். எனக்கே இன்னும் முழுதாகப் போகவில்லை. ஏதாவது எழுதி முடித்து, கீழே பெயர் போடும்போது கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. இதில் எது என்னுடையது என்று முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்க்கிறேன்.

இதை எழுதலாமா என்று கேட்க, போன வாரம் அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் முந்திரித் தொழிலாளர் பற்றியே ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறார், கடைசி இயல் எழுதுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பின்னணியில் மிக்ஸி ஓடியது. யாரையோ நிறுத்தச் சொல்லிவிட்டு முழுவதையும் கேட்டார்.

"எழுதுங்க" என்றார். "நடந்ததுதானே."

"உங்க பேரைப் போடட்டுமாக்கா? இந்தத் தடவை மறைக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன்."

கோபப்படுவாரோ என்று நினைத்தேன். ஆனால் அவர் சிரிக்கிற மாதிரி இருந்தது.

"வாணாம். உங்க கட்டுரையில அக்கான்னே இருக்கட்டும். என் பேர நானே போட்டுக்குறேன்."